சித்திரை விடுமுறையில் ஒரு டெக்கு மரம்

ஏப்ரல் 9, 2025, புதன்

டொரொண்டோவிலிருந்து அண்ணன் வந்து சேர்ந்தார். கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து வான் மாத்தளைக்கு வர விடிந்துவிட்டது. அம்மா தேத்தண்ணி ஊற்றி முடிப்பதற்குள் அக்காவின் பிள்ளைகள் இருவரும் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். போன வருசத்திலிருந்து தொலைபேசியில் கேட்டுக் கேட்டு வாங்கிய சாமான் அது: லெகோவின் ‘கிரேட் டெக்கு ட்ரீ’. எண் 77092, துண்டுகள் 2,500.

செல்டா கேமுக்காக லெகோ போட்ட முதல் செட் இதுதான். 2024 செப்டெம்பர் 1இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பு உலகம் முழுக்க உள்ள ரசிகர்கள் தாங்களே செல்டா மாதிரிகளை வடிவமைத்து லெகோவின் ‘ஐடியாஸ்’ திட்டத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வடிவமைப்புக்கு 10,000 பேர் ஆதரவு சேர்ந்தால் லெகோ அதைப் பரிசீலிக்கும். அந்த எண்ணிக்கையைத் தொட்ட செல்டா மாதிரிகள் ஒன்றுக்கு மேல் இருந்தும் எல்லாம் நிராகரிக்கப்பட்டன. கடைசியில் லெகோவும் செல்டா கேமின் சொந்தக்காரரான நின்டெண்டோவும் சேர்ந்து தாங்களாகவே செய்தது, கேமில் வரும் இந்தப் பேசும் மரம்.

வீட்டுப் பிள்ளைகளுக்கு செல்டா கதை எப்படித் தெரியும் என்றால், அண்ணன் முன்பு வந்தபோது விட்டுப்போன பழைய நின்டெண்டோ ‘ஸ்விட்ச்’ கேம் கருவிதான் காரணம். ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ கேமை அக்கா மகள் கரைத்துக் குடித்திருக்கிறாள். தொப்பி போட்ட பையன்தான் செல்டா என்று நினைத்திருந்த பாட்டிக்கு, “அவன் பேரு லிங்க். செல்டாங்கிறது இளவரசி, அம்மாச்சி” என்று காலையிலேயே பாடம் நடத்திவிட்டாள்.

பெட்டியில் 18+ என்று போட்டிருக்கிறது. இவளுக்குப் பன்னிரண்டு, தம்பிக்கு ஒன்பது. வயதைவிடப் பொறுமைதான் இதற்கு வேண்டும். அது இரண்டு பேரிடமும் உண்டு.

ஏப்ரல் 10, வியாழன்

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெட்டியைப் பிரிப்பதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. “பிரிக்காம அப்படியே மேல வை தம்பி. லெகோ இத செய்யிறத நிப்பாட்டினதும் விலை ஏறும்” என்றார் அண்ணன்.

அவர் சொன்னதில் பிழையில்லை. மொஸ்கோவிலுள்ள பொருளியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வந்த லெகோ செட்டுகளை எடுத்து, உற்பத்தி நின்றபின் அவற்றின் மறுவிற்பனை விலை எப்படிப் போனது என்று கணக்குப் பார்த்தார்கள். சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதம் ஏற்றம். தங்கமும் பங்குச் சந்தையும் தந்ததைவிட அது கூடுதல் என்பது அவர்கள் முடிவு. பிரிக்காத பெட்டிகளை அறை அறையாக அடுக்கி வைத்திருப்பவர்கள் அண்ணன் இருக்கும் ஊரிலேயே உண்டாம்.

நான் வேறு ஒரு கணக்குப் போட்டேன். இதன் விலை 299.99 அமெரிக்க டொலர், இன்றைக்கு நம் காசில் ஏறக்குறைய 90,000 ரூபா. தேயிலைத் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி போன வருசம் செப்டெம்பரில்தான் வர்த்தமானியில் 1,350 ரூபாவாக உயர்ந்தது. அப்படியானால் இந்தப் பெட்டி ஏறக்குறைய 67 நாள் கொழுந்து. என்னிடம் கணக்குப் படிக்க ரத்தோட்டைப் பக்கமிருந்து பஸ் ஏறி வரும் பையனின் அம்மா அந்த வேலைதான் பார்க்கிறார். இவ்வளவு பெறுமதியான ஒன்று அலுமாரி மேல் தூசி வாங்கிக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. எத்தனை கை படுகிறதோ அத்தனைக்கு இதன் விலை நியாயமாகும்.

வழக்கைத் தீர்த்தது அக்கா மகள். “பெரிய மாமா, இத விக்கிறதுக்கு வாங்கிட்டு வந்தீங்களா, எங்களுக்கா?”

அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

ஏப்ரல் 12, சனி

ரத்தோட்டைப் பையனையும் வரச் சொல்லியிருந்தேன். லெகோ என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறான், கையில் தொட்டதில்லை.

முன்கூடத்துப் பெரிய மேசையில் வேலை. குரங்குத் தொல்லைக்காக ஜன்னல்களை முதலிலேயே சாத்தினோம். போன மாதம் 15ஆம் தேதி காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கு, மயில், மரஅணில் எண்ணினார்களே, எங்கள் தெருவுக்கு மட்டும் தனிப் பட்டியல் போட்டிருக்கலாம்.

துண்டுகள் இலக்கமிட்ட பைகளில் வருகின்றன. ஒரு பையை முடித்துத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். அம்மா சுளகைக் கொண்டுவந்து வைத்து, காம்பு வேறு கராம்பு வேறு என்று பிரிக்கிற அதே கையால் மண்ணிறம் ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் என்று ஒதுக்கினார். அதன்பிறகு தேடல் பாதியாகக் குறைந்தது.

எந்த மரத்தை முதலில் கட்டுவது என்று வாக்கெடுப்பு நடந்தது. ஒரே பெட்டிக்குள் இரண்டு மரங்களுக்கு வழி இருக்கிறது. ஒன்று 1998இல் வந்த ‘ஒக்கரீனா ஆஃப் டைம்’ கேமில் வரும் பச்சை மரம், மற்றது 2017இன் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’ கேமில் வரும் இளஞ்சிவப்புப் பூ மரம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் கட்டலாம். மற்றது வேண்டுமென்றால் கட்டியதைப் பிரிக்க வேண்டும். பூ மரம்தான் வேண்டும் என்று சின்னவன் அழாத குறை. கதையில் பச்சை மரம் முந்தியது என்பதால் அதுவே முதலில் என்று அவன் அக்கா தீர்ப்புச் சொன்னாள்.

பையன் ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து அளந்துகொண்டிருந்தான். பிறகு சொன்னான்: “சார், இந்தத் தட்டைய மூணு அடுக்கினா ஒரு கட்டை உயரம் சரியா வருது.”

நான் சொல்லிக்கொடுக்க நினைத்திருந்ததை அவனே பிடித்துவிட்டான். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், தட்டை 3.2. மேலே இருக்கும் குமிழ்களின் மையத்துக்கு மையம் 8 மில்லிமீட்டர். இந்த மூன்று எண்களுக்குள் முழு உலகமும் அடங்கிவிடும். மரத்தின் அடிப்பகுதியில் சில கட்டைகள் பக்கவாட்டில் திரும்பி உட்கார வேண்டும். படுத்த கட்டையும் நின்ற கட்டையும் பொருந்துவதற்கு இந்த அளவுகளுக்குப் பொது மடங்கு ஒன்று இருக்க வேண்டும். ஐந்து தட்டைகளை அடுக்கினால் 16 மில்லிமீட்டர், அதாவது இரண்டு குமிழ் அகலம். பொது மடங்கு என்ற பாடத்தை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையில் காட்ட முடியும்?

பிள்ளைகளிடம் கடைத்தெருவில் வாங்கிய பெயரில்லாத கட்டைகள் ஒரு பை நிறைய உண்டு. அவற்றையும் மாட்டிப் பார்த்தார்கள். சில இறுகி வர மறுத்தன, சில தொட்டதும் கழன்றன. டென்மார்க்கின் பில்லுண்டில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932இல் தொடங்கிய தொழில் இது. கட்டைக்கு உள்ளே குழாய் வைத்த இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். அந்த வருசத்துக் கட்டை இன்றைய கட்டையோடு பொருந்தும். அச்சு ஒரு மயிரிழை விலகினால் இது நடக்காது. கூடுதல் விலையில் ஒரு பங்கு அந்த ஒழுங்குக்குத்தான் போகிறது, அதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருசம் பிறந்தது. மருத்துநீர், புது உடுப்பு, கைவிசேடம். முத்துமாரியம்மன் கோயிலில் நிற்க இடமில்லை.

108 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி, இந்தக் கோயில் ஒரு மரத்தடியில் வைத்து வணங்கிய சின்னச் சிலையில் தொடங்கியது என்று அண்ணன் பிள்ளைகளுக்குச் சொன்னார். சின்னவன் உடனே, “அந்த மரம் பேசுமா பெரிய மாமா?” என்றான். அவனுக்கு இப்போது எல்லா மரத்திலும் முகம் தெரிகிறது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முருங்கை மரத்து வேதாளத்தின் கதையை அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

இன்றைக்குக் கட்டையைத் தொடவில்லை.

ஏப்ரல் 16, புதன்

முகம் முடிந்தது.

இந்த செட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. மூக்கு மட்டும் தனியாகக் கட்டி எடுத்துப் பார்த்தால் எதுவுமே புரியாது, ஏதோ உடைந்த கொப்பு மாதிரி இருக்கும். அதைத் தண்டில் சொருகி, இரண்டு பக்கமும் புருவத்தைக் கீலில் மாட்டியதும் ஒரு கிழவர் நம்மைப் பார்க்கிறார். புருவத்தை உயர்த்தினால் இரக்கம், தாழ்த்தினால் கோபம். வாயும் திறக்கும். அக்கா மகள் புருவத்தை ஏற்றி இறக்கி ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு குரல் கொடுத்தாள். கடைசியில் வைத்த நிலையில் அது அசப்பில் எங்கள் தாத்தா.

கேம் கதையில் இந்தப் பச்சை மரம் வில்லன் கானன்டோர்ஃபின் சாபத்துக்கு ஆளாகி உள்ளுக்குள் அரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. சிறுவன் லிங்க் அதன் வாய் வழியாகவே உள்ளே போய் அங்கே குடியிருக்கும் அரக்கியைக் கொல்கிறான். ஆனாலும் மரம் பிழைப்பதில்லை. பிள்ளைகள் இதை அடக்கமான குரலில் சொன்னார்கள். பச்சை மரத்தை முதலில் கட்டியது நல்லதாகப் போயிற்று.

இந்தக் கேம் வரிசை 1986இல் ஜப்பானில் பிறந்தது. உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஷிகெரு மியமோட்டோ. கியோட்டோவுக்குப் பக்கத்தில் சோனோபே என்ற ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் காடு மேடெல்லாம் தனியாகச் சுற்றியதையும், தற்செயலாக ஒரு குகையைக் கண்டு விளக்கோடு உள்ளே போனதையும் வைத்துத்தான் செல்டாவை யோசித்ததாக அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். அலுவிகாரைக் குகைகளும், தம்புள்ளையும், நக்கிள்ஸ் மலையும் இருக்கிற மாவட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இது வெளிநாட்டுச் சங்கதியே இல்லை. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டத்தான் ஆளில்லை. வெள்ளிக்கிழமை சிகிரியா போவதென்று முடிவு.

ஏப்ரல் 18, வெள்ளி

கண்டியில் இன்று புத்தரின் புனிதப் பல்லைத் தரிசிக்கும் தலதா வந்தனா தொடங்கியதால் சனமெல்லாம் தெற்கே போகிறது. நாங்கள் தம்புள்ளை பஸ் ஏறி எதிர்த்திசையில் வடக்கே போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

கற்பனைக் கோட்டை என்றால் இதற்கு மேல் ஒன்று வேண்டுமா? தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறிய காசியப்பன், தம்பி மொகலானுக்குப் பயந்து, ஐந்தாம் நூற்றாண்டின் கடைசியில், சமவெளியிலிருந்து 180 மீட்டர் எழுந்து நிற்கும் பாறையின் உச்சியில் மாளிகை கட்டினான். கீழே நீர்த்தோட்டம், இடையில் ஓவியங்கள், கண்ணாடிச் சுவர். அந்தச் சுவரில், பின்னால் வந்து பார்த்தவர்கள் நூற்றாண்டுக் கணக்காகக் கீறி வைத்த பாட்டுகள். பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் புத்தகமாக்கினார். தனக்குப் பிடித்த ஓர் இடத்தைப் பற்றி நாலு வரி எழுதாமல் இருக்க முடியாத ரசிகர்கள் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள்.

சிங்கப் பாதங்களுக்கு முன்னால் உள்ள திறந்தவெளியில் எல்லோரும் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். முன்பு இங்கே முழுச் சிங்கத்தின் தலையும் இருந்தது, படிக்கட்டு அதற்குள்ளாக மேலே போனது, இப்போது பாதங்கள் மட்டும் மிச்சம் என்று சொன்னேன்.

ரத்தோட்டைப் பையன் எழுந்து போய்ப் பாதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். “அப்படின்னா சார், டெக்கு மரம் மாதிரி இதுலயும் வாய் வழியாத்தான் உள்ள போயிருக்காங்க.” கொஞ்ச நேரம் கழித்து, “சார், இதுவும் கட்டைதான்” என்றான்.

உண்மைதான். பாதங்கள் செங்கல்லால் கட்டிச் சாந்து பூசியவை. சாந்து போன இடங்களில் வரிசை வரிசையாகச் செங்கல் தெரிகிறது. நகம் வளையும் இடத்தில் ஒவ்வொரு வரியும் கீழ்வரியைவிடச் சற்று உள்ளே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. நேர்க்கோட்டுச் செங்கல்லில் வளைவு கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு இதுதான் விடை, மரத்தின் தண்டில் அவன் கை செய்த வேலையும் இதுவே. நான் எத்தனையோ முறை இங்கே வந்திருக்கிறேன். ஒரு கட்டடக்காரனின் கண்ணோடு அதைப் பார்க்க வைத்தவன் இந்தப் பையன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

பச்சை மரத்தைப் பிரிக்கும் நாள். சின்னவன் கேட்டதென்னவோ பூ மரம்தான், ஆனால் பிரிக்க வேண்டும் என்றதும் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். “இன்னொரு பெட்டி வாங்கினா ரெண்டும் இருக்கும்ல?” என்றான். அப்படி இரண்டு பெட்டி வாங்கி இரண்டு மரத்தையும் அருகருகே வைத்திருக்கும் சேகரிப்பாளர்கள் உண்டு என்று அண்ணன் சொன்னார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அது அவர்கள் ஆசை. ஆனால் இந்த செட்டின் அழகே, ஒன்றைக் கலைத்தால்தான் மற்றது கிடைக்கும் என்று வடிவமைத்தவர்கள் வைத்த நிபந்தனையில்தான் இருக்கிறது. கலைக்கும்போதுதான் எது எதைத் தாங்கி நின்றது என்று விளங்குகிறது. கட்டும்போது புத்தகம் சொன்னதைச் செய்தோம்.

முகத்தைக் கடைசியில் கழற்றுவது என்று சின்னவனோடு உடன்பாடு. பின்னேரம் மழை இடித்துப் பெய்தது, கரண்ட் போனது. மெழுகுதிரி வெளிச்சத்தில் இலைகளைக் கழற்றினோம்.

ஏப்ரல் 23, புதன்

பூ மரம் எழுந்துவிட்டது. இளஞ்சிவப்பு இலைகளை மாட்டியபோது கூடமே வெளிச்சமானது. அடியில் பீடத்தில் மாஸ்டர் சோர்ட் என்ற வாள், பக்கத்தில் மரக்காஸ் குலுக்கும் கேம் பாத்திரம் ஹெஸ்து. வாளை இழுத்து எடுக்கும் உரிமை யாருக்கு என்று சண்டை. கேமில் பதின்மூன்று இதயம் சேர்த்தவனுக்குத்தான் அது வரும். இங்கே சீட்டுக் குலுக்கிப் போட்டோம், அம்மாவுக்கு விழுந்தது. அவர் வாளை எடுத்து ரத்தோட்டைப் பையன் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்.

இந்த மரத்துக்குத் தேவைப்படாத துண்டுகள் சுளகில் மிஞ்சிக் கிடந்தன, பெரும்பாலும் பச்சை. பையன் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். படிக்கு ஒரு தட்டை உயரம், இரண்டு குமிழ் அகலம். இரு பக்கமும் சரிவுத் துண்டுகளைக் கவிழ்த்து நகம். ஒவ்வொரு வரியையும் அரைக் குமிழ் உள்ளே தள்ளினால் வளைவு இன்னும் நன்றாக வரும் என்று அதற்கேற்ற துண்டு தேடி அரை மணி நேரம் அலைந்தான், கண்டும் பிடித்தான். சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குப் புறப்படும்போது மேசையில் இளஞ்சிவப்பு மரத்துக்குப் பக்கத்தில் பச்சை நிறச் சிங்கப் பாதம் இரண்டு இருந்தன. எந்த விளக்கப் புத்தகத்திலும் இல்லாதவை.

எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால் போதும், அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3,765 விதமாக இணைக்கலாம். கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ணிச் சொன்ன கணக்கு இது. நாளைக்கு வகுப்பில் இந்த எண்ணைப் பலகையில் எழுதப் போகிறேன்.

ஏப்ரல் 26, சனி

அண்ணன் நாளை இரவு புறப்படுகிறார். கட்டைகள் இனி எங்கே இருப்பது என்று எல்லோரும் உட்கார்ந்து பேசினோம். மரமும் உதிரிகளும் சனிக்கிழமைக் கணக்கு வகுப்பு மேசைக்குப் போகின்றன. அக்கா மகள் பொறுப்பாளி. எண்ணித் தருவாள், எண்ணி வாங்குவாள். துண்டு தொலைந்தாலும் பயமில்லை, ஒற்றைத் துண்டாக விற்கும் ‘பிரிக்லிங்க்’ சந்தை 2000இலிருந்து இருக்கிறது, 2019இல் லெகோவே அதை வாங்கிவிட்டது.

“அடுத்த தடவை எந்தப் பெட்டி கொண்டுவர?” என்று அண்ணன் கேட்டார். பெட்டியே வேண்டாம் என்றேன். அங்கே பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளில் பழைய கட்டைகளைக் கிலோக் கணக்கில் கொடுத்துவிடுகிறார்கள். கழுவி ஒரு பையில் போட்டால் சூட்கேசின் மூலையில் அடங்கும். ஒரு கிலோ கட்டை இருந்தால் ஒரு வகுப்பு முழுக்கக் கட்டலாம், கலைக்கலாம், மறுபடி கட்டலாம்.

இன்று பின்னேரம் வந்த பெற்றோரிடமும் இதையே சொன்னேன். கனடாவிலோ லண்டனிலோ டுபாயிலோ உங்கள் ஆட்கள் இருந்தால், பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கேட்கும்போது தயங்காமல் சொல்லுங்கள்: பழைய கட்டை ஒரு பை கொண்டுவாங்க, பெயர் போட்டதாக இருக்கட்டும், நிறம் எதுவானாலும் பரவாயில்லை.